உதட்டுப் பேச்சு

சங்கு ஊதும் முன்பே பெரியவள் தன் தறிக்கு எண்ணெய் விட்டுவிட்டாள். கண்ணாடிக் கூரை வழியே விடியல் அழுக்காக இறங்கிக்கொண்டிருந்தது. தறிகளை ஓட்டும் தோல் பட்டைகள் சுழலத் தொடங்கியதும் தரை அதிர்ந்தது, பல் கூசியது, பஞ்சுத்தூசி மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை மனிதக் குரல் என்று ஒன்று அங்கே கிடையாது.

ஆலை வந்த பிறகு அந்தத் தெருவுக்குப் பசியும் தூக்கமும் சங்கைக் கேட்டுத்தான் வந்தன. பெண்களின் பேச்சும் மாறிப்போயிற்று. இரைச்சலில் காது எதற்கும் ஆகாததால் உதட்டை அசைத்தே பேசிக்கொள்ளப் பழகினார்கள். வீட்டிலும் பெரியவளும் அவள் தங்கை சின்னவளும் அடுப்படியின் இரண்டு மூலைகளில் நின்று சத்தமே இல்லாமல் சண்டை போடுவார்கள்.

"மனுஷங்க மாதிரி பேசித் தொலைங்களேன்" என்பார் அப்பா.

இப்போது சண்டை போட ஆள் இல்லை. போன வாரம் சின்னவளின் பின்னலைப் பட்டை இழுத்துக்கொண்டது. கழற்றி மாட்ட நேரமாகிறது என்று பட்டைக்கு மறைப்பாக இருந்த கம்பி வலையை எடுக்கச் சொன்னவர் முதலாளி.

அவர் இன்று கொட்டகைக்கே வந்துவிட்டார், மூக்கில் வாசனைக் கைக்குட்டையுடன். பெரியவளின் காதருகே குனிந்து கத்தினார்.

"தங்கச்சி தறி சும்மா கிடக்கு. அதையும் சேர்த்து நீயே பாரு. குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்னு நல்ல மனசோட சொல்றேன்."

"வலையை மாட்டச் சொல்லுங்க ஐயா" என்று அவளும் கத்தினாள்.

"கொண்டையை இறுக்கிக் கட்டியிருந்தா அவ உசிரோட இருந்திருப்பா. பட்டைக்குக் கண்ணா இருக்கு?"

"இல்லைங்க. அதான் வலை கேக்கறேன்."

அவர் முதுகுக்குப் பின்னால், எதிர்த் தறியில் நின்றவளுக்கு வாயாடி என்றே பெயர்; அவள் உதட்டை அசைத்தாள். 'என்ன சொல்லுது அந்தத் தொப்பை?' முதலாளியின் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது பெரியவளின் வாய் மட்டும் அசைந்து குரல் வராததைக் கண்ட முதலாளிக்கு ஒரே பெருமை. தன் தாராளத்தில் அவளுக்கு நாக்கே எழவில்லை என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மேஸ்திரியும் ஒரு காலத்தில் தறியில் நின்றவன்தான். அவள் உதட்டில் அத்தனையையும் படித்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

சேதி தறிக்குத் தறி தாவியது; போகப் போக 'வலை வர்ற வரை நிறுத்துவோம்' என்பதும் சேர்ந்துகொண்டது.

'நிறுத்தினா கூலி போயிடும்டி' என்றாள் ஒருத்தி.

'அடுத்தது யார் பின்னல்?' என்றாள் வாயாடி.

ஒரு தறி நின்றது. பிறகு ஒன்று. பிறகு வரிசையாக. முதலாளி இது எதையும் கவனிக்காமல் மேஸ்திரியின் காதில் கத்திக்கொண்டிருந்தார். கடைசித் தறியும் ஓய்ந்தபோது அவர் குரல் மட்டும் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"இதுங்கல்லாம் கழுதைங்கப்பா. ஒரு தட்டு தட்டினா எந்தச் சுமையும் தூக்கும்."

"இறக்கி வெச்சுட்டோம் ஐயா" என்றாள் வாயாடி, நிஜக் குரலில். கரகரத்த குரல். யாரோ சிரித்தார்கள்.

முதலாளிக்குக் கழுத்து சிவந்தது. "வெளிய வேலைக்கு ஊரே நிக்குது, தெரியுமில்ல? மேஸ்திரி, அந்தச் செத்தவ தறியை நீயே ஓட்டிக் காட்டு."

மேஸ்திரி பட்டையைப் பார்த்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வலை வரட்டுங்க ஐயா."

"எல்லாருக்கும் நாளையிலிருந்து கேட் மூடியாச்சு" என்று சொல்லிவிட்டு முதலாளி நடந்தார். அந்த அமைதியில் அவர் செருப்பு கீச்சிட்டது. பாவம், அதையும் அவரால் நிறுத்த முடியவில்லை.

முற்றத்துக்கு அப்பால் நூற்புக் கொட்டகை இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அங்கேயும் பட்டைகளுக்கு வலை இல்லை. பெரியவள் அதன் கதவை நோக்கி நடந்தாள். பின்னால் காலடிகள் கேட்டன. தரை அதிராததால், எத்தனை பேர் வருகிறார்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.