தாய்மாமன் வீட்டுக் கதவு

புகை என்றால் ஓட வேண்டும் என்பது காத்திவாக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெட்டவெளியைப் பார்த்து, கடற்கரைக்கு ஓட வேண்டும். எத்தனை கேஸ் கசிவைப் பார்த்த ஊர்! எந்தக் கம்பெனிக்காரனும் வந்து பாடம் எடுக்கவில்லை. பட்டுப் பட்டுத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

அன்று காலை பழைய இரும்பு யார்டு தீப்பிடித்தபோது, கன்னியம்மா மீன்கூடையைப் போட்டது போட்டபடி தம்பி டில்லிபாபுவுக்குப் போன் அடித்தாள். அவன் அங்கே சூப்பர்வைசர். வீட்டில் மகள் வினிதா நிறைமாதமாக இருந்தாள். அவள் வளைகாப்புக்குச் சீர்த்தட்டு தூக்கி வந்த தாய்மாமனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

"இன்னாடா புகை? மூக்கு எரியவே இல்லியே?"

"கேஸ்தான்க்கா."

"அப்ப வினிதாவ இட்டுகினு பீச்சாண்ட ஓடட்டா?"

"ஓடுக்கா" என்றான்.

அவள் ஓடியதைப் பார்த்துத் தெருவே பின்னால் ஓடியது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் சாம்பல் விழுந்துகொண்டே இருந்தது. வினிதாவின் வயிற்று மேட்டில் விழுந்ததைக் கன்னியம்மா தட்டித் தட்டி விட்டாள். சாம்பல் நின்று வெகுநேரம் கழித்துத்தான் போலீஸ் வண்டி மைக்கோடு வந்தது.

"இது கேஸ் கசிவு இல்லை! எரிந்த இரும்பில் கதிர்வீச்சுப் பொருள் கலந்திருந்தது. யாரும் வெளியில் நிற்காதீர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். உடுத்திய துணியைக் கழற்றிப் பையில் கட்டி வெளியே வையுங்கள். சோப்புப் போட்டுக் குளியுங்கள். திறந்து வைத்த எதையும் சாப்பிடாதீர்கள்!"

பக்கத்தில் இருந்த மெத்தை வீடு டில்லிபாபுவுடையதுதான். கன்னியம்மா மகளை இழுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தியிருந்தது. அடி இடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவனுடைய யார்டு யூனிபார்ம்.

பையின் மேல் சாம்பல் படிந்திருந்தது. சாம்பல் விழும்போதே வைத்த பை.

கன்னியம்மா கதவை உடைக்கிற மாதிரி இடித்தாள்.

"கேஸுன்னா நீயும்தானடா ஓடியிருப்ப? எல்லாம் தெரிஞ்சுகினே பொய் சொன்னியா?"

"வெளிய சொன்னா வேல போய்டும்னு யார்டுல சொன்னாங்கக்கா..." உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "துணிய வெளியவே கழட்டிட்டு வாங்க. உள்ள கொயந்தைங்க கீதுங்க."

"இவ வயித்துல கீறது இன்னாடா?"

கதவு திறந்தது. அந்த வாசலை மிதிக்கக் கன்னியம்மாவின் கால் கூசியது. ஆனால் மகளை ஒதுங்க வைக்கப் பக்கத்தில் வேறு சுவர் இல்லை. இருவரும் சாம்பல் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, அவன் மனைவி வீசிய புடவைகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

குளியலறையில் வினிதாவின் தலையைக் கன்னியம்மா தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். டில்லிபாபு கதவிடுக்கில் துண்டை நீட்டினான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "கொயந்த நல்லபடியா பொறந்தா காது குத்தணும். இவளுக்கு அண்ணன் தம்பி இல்லன்னாலும், மாமன் மடின்னு உன் மடி வேணாம்டா" என்று சொல்லிவிட்டு, மகள் தலையில் மறுபடியும் சோப்புப் போட்டாள்.