நகராட்சி வாசலில் நன்றியுரை

நல்ல தண்ணீர் வரும் நாள். விடிந்ததும் அறிவு குழாயடியில் குடம் வைத்தான். குடங்கள் நிறைந்தன. டிரம்மை நிரப்பினான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றிக் காய்ச்சினான். நேற்றுப் போட்டிருந்த சட்டையை வாளியில் ஊறப்போட்டான். ரத்தம் மெதுவாகப் பிரிந்து வந்தது. தண்ணீரை மாற்றி மறுபடி ஊறப்போட்டான்.

"உடுங்க மாப்ள, வேற யாராச்சும் பாத்துக்குவாங்க," என்றான் சின்னண்ணன், அறிவின் மனைவி தனப்பிரியாவின் அண்ணன்.

"இன்னைக்கு உட்டா அடுத்த வாரந்தான் தண்ணி."

முற்றத்தில் சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தனப்பிரியா நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். நேற்று மத்தியானம், கக்கூஸ் தொட்டிக் கழிவை ஏரியில் திறந்துவிட்ட டேங்கர் லாரிக்குப் பின்னால் போய் மறித்து நின்றாள். லாரி பின்னுக்கு வந்து அவளை மதகுச் சுவரோடு நசுக்கியது. முன்னால் நகர்ந்தது. மறுபடி பின்னுக்கு வந்தது. அப்போது அவள் அறிவோடு போனில் இருந்தாள். அவன்தான் ஓடிப்போய் அவளைத் தூக்கினான்.

கண்ணாடியில் தெரியவில்லை என்றான் டிரைவர். விபத்து என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். லாரி கவுன்சிலர் பொன்னனுடையது. அந்த நேரத்தில் தான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார்.

"பொன்னன் அங்கதான் இருந்தாருங்க. போன்ல கேட்டேன்," என்றான் அறிவு.

"அதிர்ச்சில இருக்கீங்க தம்பி. அப்பறமா பேசிக்கலாம்," என்றார் ஏட்டு.

காலையில் ஆஸ்பத்திரியில் உடம்பைக் கொடுத்தபோது, இடுப்புக்குக் கீழே துணியைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்னார்கள்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நகராட்சி அலுவலகத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். வாசலில் பந்தல். நாற்காலிகள். தனப்பிரியாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி பேனர் வைத்திருந்தார்கள். சீருடையில் தூய்மைப் பணியாளர்கள் வரிசையாக நின்று அழுதார்கள். ஒவ்வொருவராக வந்து மாலை போட்டார்கள்.

பொன்னன் சம்பங்கி மாலையோடு வந்தார். ஒரு கையை அறிவின் தோளில் வைத்தார்.

"தைரியமா இருக்கோணும் சாமி."

அறிவு மாலையை வாங்கினான். அதைப் பொன்னனின் கழுத்தில் சுற்றி, இரண்டு பக்கமும் இழுத்தான். பூக்கள் உதிர்ந்தன. நார் அறுபடவில்லை. பொன்னனின் முகம் கறுத்தது, நாக்கு வெளியே வந்தது. அறிவு அவர் தலையைக் கீழே இழுத்து, முழங்காலைத் தூக்கி அந்த வாயில் இடித்தான். ஒரு பல் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. மறுபடி இடித்தான். நான்கு பேர் சேர்ந்து அவன் விரல்களைப் பிரித்தார்கள்.

"உடுங்க, அவரை ஒண்ணும் பண்ணாதீங்க," என்று பொன்னனே சொன்னார். வாயிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் ஒழுகியது. "பொண்டாட்டி போன துக்கம். எனக்கு ஒண்ணுங் கோவமில்லீங்க."

"என்ன பெரிய மனசு பாரு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சின்னண்ணன் அறிவை நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தான். நகராட்சித் தலைவர் சண்முகவேல் மைக்கை எடுத்தார்.

"எதிர்பாராத விபத்துல ஒரு நல்ல ஊழியரை இழந்துட்டோம். அவங்க பேர்ல வருசா வருசம் சிறந்த ஊழியருக்கு விருது குடுக்கப் போறோம். குப்பை, கழிவுநீர், ஏரி, இதெல்லாம் நம்ம முன்னாடி நிக்கிற சவால். அடுத்த வருசத்துக்குள்ள சுத்திகரிப்பு நிலையம் கண்டிப்பா வந்துரும்."

யாரோ கை தட்டிவிட்டார். தட்டிய கைகள் பாதியில் நின்றன.

நகராட்சி விழாக்களை எப்போதும் நடத்தி வைப்பவர் மேனேஜர். பழக்கத்தில் அவர் வாய் தானாகச் சொன்னது: "அடுத்ததாக, நன்றியுரை."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒரு கணம் யோசித்தார். அழுது தீர்த்தால் பையன் அடங்குவான் என்று நினைத்திருக்க வேண்டும். மைக்கை அவரே அறிவின் கையில் கொடுத்தார்.

"ரெண்டு வார்த்தை சொல்லு சாமி. மனசு லேசாகும்."

சின்னண்ணன், "வேண்டாம் மாப்ள," என்றான்.

அறிவு எழுந்தான். பொன்னன் முன்வரிசையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூய்மைப் பணியாளர்கள் அழுகையை நிறுத்தினார்கள். ஏட்டு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவ போனைக் கட் பண்ணலீங்க," என்றான் அறிவு. "கடைசியா சொன்னது எனக்கில்ல. அப்படியே சொல்றேன்."

மைக் இரைந்தது. அடங்கும்வரை காத்திருந்தான்.

"பொன்னண்ணா, நீங்களே என்னையப் பாத்துட்டுத்தான நிக்கறீங்க? அப்பறம் ஏனுங்க ரிவர்ஸ் எடுக்கச் சொல்றீங்க?"