லயம் ஒடையுது

ஃபாதர் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பவன் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு எங்கள் ரப்பர் தோட்டத்து பீல்ட் ஆபீசர் சொல்கிறார்: "ஜூலியஸ், அவுருது கச்சேரியில லயம் ஒடையுதுன்னு பாடப் போறீங்களாம். அந்தப் பாட்டு வேணாம்."

எங்களுக்கு லயம் என்றால் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். போன மழைக்கு எங்கள் பாடகன் கஜேந்திரன் வீட்டுச் சுவர் விழுந்த அன்று நான் எழுதிய பாட்டு அது. 'லயம் ஒடையுது, லயம் ஒடையுது, எவன் வந்து தூக்கிப் புடிப்பான்?' கிட்டாரை அலறவிட்டு, தோட்டத்துப் பேச்சிலேயே கத்துவோம். யட்டியாந்தோட்டை பஜாரில் நடக்கும் அவுருது, அதாவது சித்திரைப் புத்தாண்டுக் கச்சேரியில்தான் முதல் தடவை பாடுவதாக இருந்தோம். பழகுவதெல்லாம் பாழடைந்த ரப்பர் ஸ்டோருக்குள்; வெளியாள் யாரும் கேட்டதில்லை. பிறகு ஆபீசரிடம் போட்டுக் கொடுத்தது யார்?

பேண்டில் மூன்றே பேர். நான் சொல்லவில்லை. சுவர் விழுந்தவன் சொல்லமாட்டான். மிச்சம், டிரம்ஸ் அடிக்கும் புவாட். கொழும்பில் மியூசிக் படித்துவிட்டு, போன வருஷம்தான் மாமாவின் போன் கடைக்கு வந்தவன். சிங்களம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கச்சேரிக்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவன்தான். பீல்ட் ஆபீசர் போனுக்கு ரீலோட் போடுவதும் அந்தக் கடையில்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடைக்கே போனேன். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா!"

"அல்லாவுக்காக, நான் ஒண்டும் சொல்லல்ல அண்ணன்!"

முழியைப் பார், திருட்டு முழி. இனி பேண்ட் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு, அவன் பேரை வெட்டக் கச்சேரிக் கமிட்டிக்குப் போனேன். பாரத்தை எடுத்துத் தந்தார்கள். சிங்களத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாட்டின் அர்த்தம் என்ற இடத்தில் புவாட் எழுதியிருந்தான்: 'தாளம் தப்பிப்போன ஒரு பேண்டின் கதை.'

படித்தவனுக்கு லயம் என்றால் தாளக்கட்டு. அந்த வரி வரும்போதெல்லாம் அவன் வேண்டுமென்றே அடியைக் குழப்புவான். சுவர் சரிகிற மாதிரியே அடிக்கிறான் என்று நினைத்து நாங்கள் முதுகில் தட்டிக்கொடுப்போம். மடையர்கள் நாங்கள். வீட்டைப் பற்றிய பாட்டு என்றே தெரியாதவன் என்னத்தைப் போய்ச் சொல்லியிருப்பான்?

அப்போதுதான் ஒரு ஆளை நான் எண்ணவேயில்லை என்பது உறைத்தது. பாட்டை எழுதியதும் முதலில் யாருக்குப் பாடிக் காட்டினேன்?

வீட்டில் சரோன் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசர்கிட்ட சொன்னது நீதானா?"

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா, நான்தான். தோட்டத்துல குடுக்குற புது வீட்டு லிஸ்டுல நம்ம பேரு ஏறியிருக்கு. நீங்க பாடிட்டு வந்தா அது நிக்குமா? மழைக்குப் புள்ளைய எங்க படுக்க வைக்கிறதுன்னு ஒரு பாட்டு எழுதுங்களேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். வெட்கக்கேடு, எனக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது.

வாசலில் கஜேந்திரன் வந்து நின்றான். லிஸ்டில் அவன் பேர் இல்லை.

"யாருன்னு தெரிஞ்சிச்சா ஜூலியஸ்? அந்தப் பய புவாட்தானே?"

உள்ளே ரொட்டி தட்டும் சத்தம் நின்றது.

"ஆமா," என்றேன். "அவன்தான்."