மூன்றாவது ஹாரன்

க்வெதாங்கோ ஊரின் பஸ் தார் எஸ் ஸலாம் துறைமுகத்துக்கு வெளியே, கடலில் நின்ற ஒரு கப்பலுக்குள் பூட்டப்பட்டிருந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, அங்கிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் க்வெதாங்கோவின் ரோட்டு வளைவில் ஹாரன் அடித்தது. அன்று சந்தை நாள். முட்டைக்கோஸ் மூட்டை பன்னிரண்டாயிரம் ஷில்லிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்தையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. தடித்தது ஒன்று, மெலிந்தது ஒன்று என்று இரண்டு குரல் சேர்ந்த ஹாரன் அது. மெலிந்தது கண்ணிமைக்கும் நேரம் பின்னால்தான் தொடங்கும். ஜப்பானிலிருந்து விற்பவர் அனுப்பிய வீடியோவை, பஸ் வாங்கும் பொறுப்பை ஏற்றிருந்த சௌசிக்கு என்ற பெண் காய்கறிக்காரர் சங்கக் கூட்டத்தில் பதினேழு முறை போட்டுக் காட்டியிருந்தாள். வளைவுக்கு ஓடிப் போனவர்கள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. டீசல் வாசம் இருந்தது. மண்ணில் இன்ஜின் சூடு இருந்தது. ஆடுகள் வழிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன.

“சௌசிக்கு, உன் பஸ்ஸோட தொண்டை மட்டும் முதல்ல வந்துருச்சு போல. சக்கரம் எப்போ வருது?” என்று வாழைக்காய் விற்கிறவள் கேட்டாள். சந்தையே சிரித்தது. சௌசிக்கு சிரிக்கவில்லை. பஸ் வந்து சேராவிட்டால் தன் பிளம்ஸ் தோட்டத்தைச் சங்கத்துக்கு எழுதித் தருவதாக அவள் சொல்லியிருந்தாள். அவளிடம் இருந்ததெல்லாம் அந்தத் தோட்டம்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே சங்கம், இதே முப்பத்திரண்டு காய்கறிக்காரர்கள், ஒரு பஸ்ஸுக்குப் பணம் அனுப்பினார்கள். விற்றவனின் படங்கள் அழகாக இருந்தன, விலை வேறெங்கும் இல்லாத அளவுக்குக் குறைவாக இருந்தது, வங்கிக் கணக்கு மட்டும் கம்பெனியின் பெயரில் இல்லாமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. சொன்ன தேதியில் ஊர் ஆடு வெட்டிப் பிலாவு சமைத்து வளைவில் கூடி, வெறும் ரோட்டைப் பார்த்து மொத்தமாகக் “கரீபு!” என்று வரவேற்றது. எதுவும் வரவில்லை. மிஞ்சின பிலாவை மூன்று நாள் சாப்பிட்டார்கள். மலையில் கீழே இருக்கும் சோனி ஊர்க்காரர்கள் இன்றும் சந்தையில் பார்த்தால் “உங்க பஸ் வந்துச்சா?” என்று நலம் விசாரிப்பதுபோல் கேட்பார்கள். அந்த வாரமே சங்கத் தலைவர் மஷாகா, கண்ணால் பார்க்காத எதற்கும் இந்த ஊரில் யாரும் கரீபு சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டார். அது தீர்மானப் புத்தகத்தில் பச்சை மையில் இருக்கிறது.

முகம் பார்க்காத ஒருவரிடம் கடல் தாண்டிப் பழைய பஸ் வாங்குவது எப்படி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சௌசிக்கு அதைச் சரியாகவே செய்தாள். பதினோரு மாதம் எடுத்துக்கொண்டாள். முதலில் பிடித்துப்போன வெள்ளை பஸ்ஸை அடிப்பக்கத்துப் படம் கேட்டு வாங்கிப் பார்த்ததும் வேண்டாம் என்றாள். அது பனி பெய்யும் ஊரில் ஓடிய வண்டி. பனியைக் கரைக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள், அந்த உப்பு மேலே பெயிண்ட் பளபளக்கும்போதே அடியில் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். அதன்பின் தெற்கே, வெயில் ஊரில், வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றுக்கு விருந்தாளிகளை ஏற்றி இறக்கிய இருபத்தொன்பது சீட் பஸ் கிடைத்தது. விற்பவர் இஸோகாய் என்பவர். அவர் கம்பெனி பதிவான வருடத்தைத் தேடிப் பிடித்தாள். பணம் போகிற கணக்கும் கம்பெனியின் பெயரும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தாள். சேஸிஸில் பொறித்த எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள், அதே எண் ஜப்பானில் வண்டி ஏலத்துக்கு வந்தபோது எழுதிய சீட்டிலும் இருக்கிறதா என்று பார்த்தாள். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினைக் காலையில் முதன்முதலாகக் கிளப்பி வீடியோ எடுக்கச் சொன்னாள், ஏனென்றால் சூடான இன்ஜின் பொய் சொல்லும். கடைசியாக ஹாரனை அடிக்கச் சொன்னாள். கேட்காமலே இஸோகாய், இடது பின்பக்கம் ஒரு கீறல் இருக்கிறது, மூன்றாவது வரிசை சீட்டில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் பெருமூச்சு விடும் என்று எழுதினார். குறையைத் தானாகச் சொன்ன அந்த இடத்தில்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. பாதிப் பணம் முன்னால் போனது, கப்பல் ரசீதின் நகல் வந்ததும் மீதி போனது. கப்பல் கிளம்பியது. கப்பலின் இடத்தைக் காட்டும் அம்பு போனில் தினமும் ஒரு நகத்தளவு நகர்ந்தது, முப்பத்தெட்டாவது நாள் தார் எஸ் ஸலாமுக்கு வெளியே வந்து நின்றது, அப்புறம் நகரவே இல்லை.

அடுத்த வியாழனும் காலை ஆறுக்கு ஹாரன் அடித்தது. இந்த முறை இன்னும் கொஞ்சம் பக்கத்தில், தபால் நிலையத்தை ஒட்டி. ஒருவரும் அதற்குப் பதில் குரல் கொடுக்கவில்லை. பேய் என்றார்கள் சிலர், மோசடிக்காரனின் புது வித்தை என்றார்கள் சிலர். அடுத்த செவ்வாய்க்கிழமை இஸோகாயிடமிருந்து செய்தி வந்தது: கரையில் இடம் கிடைக்கவில்லையாம், வியாழன் நண்பகல் வரை பார்த்துவிட்டுக் கப்பல் தெற்கே அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுமாம். போனால் திரும்ப எப்போது என்று அவருக்கே தெரியாதாம்.

புதன்கிழமை சாயங்காலம் மஷாகாவும் நான்கு பேரும் தோட்டத்து விஷயமாகச் சௌசிக்கு வீட்டுக்கு வந்தார்கள். அவள் உள்ளே சோளமும் அவரையும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரலாமா என்று கேட்க எல்லோரும் சொல்வதுபோல், வாசலில் நின்று “ஹோடி!” என்றார் மஷாகா. அவளுக்கு முகம் காட்டத் தெம்பில்லை, பேசாமல் இருந்தாள். கொஞ்சம் விட்டு மறுபடி, “ஹோடி!” அப்போதும் பேசவில்லை. மூன்றாவது ஹோடி கேட்டது.

“உள்ளதான் இருக்கா. அவரை வேகுற வாசம் தெரு வரைக்கும் வருது” என்றார் ஒருவர்.

“இருந்தா என்ன? கரீபு வரலையே. வாங்க போலாம்” என்றார் மஷாகா.

கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பதில் வராத வீட்டுக்குள் இங்கே யாரும் கால் வைப்பதில்லை, மூன்று முறைக்கு மேல் கூப்பிடுவதும் இல்லை. செருப்புச் சத்தம் தள்ளிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்த சௌசிக்கு விரல்விட்டு எண்ணினாள். போன வியாழன் ஒன்று, அதற்கு முந்தின வியாழன் ஒன்று. கையில் கரண்டியோடு தெருவுக்கு ஓடினாள்.

“மாமா! நில்லுங்க! அது ஹோடி சொல்லுது!”

“எது?”

“பஸ்ஸு மாமா! ரெண்டு தடவை வாசல்ல வந்து கூப்பிட்டாச்சு. முப்பத்திரண்டு பேரும் கல்லு மாதிரி நின்னோம். நாளைக்கு மூணாவது. நாளைக்கும் பதில் இல்லன்னா அது போயிரும், உங்கள மாதிரியே!”

“முன்ன ஒரு பஸ்ஸுக்குத் தொண்டை கிழியக் கரீபு சொன்னோமே, மறந்துட்டியா? நீயுந்தானே ரெண்டு தட்டு பிலாவு சாப்ட்ட.”

“அது ஹோடி சொல்லலையே மாமா! கூப்பிடாத ஆளுக்குக் கரீபு சொன்னோம். இப்ப கூப்பிடுற ஆளுக்கு வாயைப் பொத்திட்டு நிக்கிறோம். எது தப்பு, நீங்களே சொல்லுங்க.”

மஷாகா மறுபடி நடக்கத் தொடங்கினார். “தீர்மானம் தீர்மானந்தான். நாளைக்கு வரும்போது தோட்டத்துப் பத்திரத்தையும் எடுத்துட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வியாழன் விடியும்போது ஊர் முழுக்கச் சந்தையில் இருந்தது. சோனியிலிருந்தும் சிலர் வேடிக்கை பார்க்க ஏறி வந்திருந்தார்கள். சௌசிக்கு ஒரு கையில் பத்திரமும் மறு கையில் போனுமாக நின்றாள். ஆறு மணிக்குச் சந்தையின் நுழைவிலேயே, மூக்குக்கு நேரே, ஹாரன் அடித்தது. முட்டைக்கோஸ் அடுக்குகள் அதிர்ந்தன. சௌசிக்கு கரீபு என்றாள். அவளைப் பார்த்து சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல, முப்பத்தோரு பேர் சொல்லியாகிவிட்டது. ஹாரன் சத்தம் ஓயவில்லை. அது காற்றில் அப்படியே நின்றது. வீட்டுப் பெரியவர் தலையாட்டும் வரை வாசற்படியில் காத்திருக்கும் விருந்தாளி எப்படி நிற்பாரோ அப்படி. எல்லோரும் மஷாகாவைப் பார்த்தார்கள். அவர் தேநீர்க் கோப்பையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, எதுவும் கேட்காததுபோல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு வயது அறுபத்தொன்று, அந்த அறுபத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட மூன்றாவது ஹோடியைப் பதிலில்லாமல் விட்டதில்லை. சத்தம் இறங்கத் தொடங்கியது. தடித்த குரல் ஓய்ந்தது. மெலிந்தது மட்டும் கண்ணிமைக்கும் நேரம் மிச்சமிருந்தது. அவர் வாய் அவரைக் கேட்காமல் திறந்தது.

“கரீபு, கரீபு! உள்ள வா! எவ்ளோ நேரந்தான் வாசல்லயே நிப்ப!”

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தேநீர் சட்டையெல்லாம் கொட்டியது. ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு, நன்றி சொல்வதுபோல், ஹாரன் சின்னதாக ஒருமுறை அடித்தது.

“நகருது!” என்று கத்தினாள் சௌசிக்கு. “அம்பு நகருது! கரைக்குப் போகுது!” முப்பத்திரண்டு தலைகள் ஒரு போன்மேல் கவிழ்ந்து முட்டிக்கொண்டன. சோனிக்காரர் ஒருவரே துள்ளிக் குதித்துப் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்தார், பிறகு தான் எந்த ஊர் என்று நினைவு வந்து விட்டுவிட்டார்.

சுங்கம், பதிவு, நம்பர் பிளேட் எல்லாம் முடியப் பத்தொன்பது நாள் ஆனது. பஸ் ஊருக்கு வந்த அன்று சௌசிக்கு முதலில் டார்ச்சோடு வண்டியின் அடியில் புகுந்து துரு பார்த்தாள், சேஸிஸ் எண்ணை ஒத்துப் பார்த்தாள். இடது பின்பக்கம் கீறல் சொன்ன நீளத்தில் இருந்தது. மூன்றாவது வரிசையில் மஷாகா உட்கார்ந்தார், சீட் பெருமூச்சு விட்டது. “நேர்மையான மனுஷன்” என்றார் அவர். தோட்டத்துப் பத்திரத்தை அவரே மடித்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அந்த வருடப் பிளம்ஸில் ஒரு பெட்டி அவர் வீட்டுக்குப் போனது.

பஸ்ஸுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. எந்த ஊர் எல்லை வந்தாலும் நின்று ஹாரன் அடிக்கும். யாராவது கரீபு சொன்னால்தான் கியர் விழும். மெக்கானிக்குகள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நிறுத்தத்துக்கு நான்கு நிமிடம் கூட்டிக் கால அட்டவணையை மாற்றியபின் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கண்டக்டர் வேலைக்கு உரத்த குரல் உள்ளவர்களை எடுக்கிறார்கள். பச்சை மைத் தீர்மானத்துக்குக் கீழே, கூப்பிட்டால் பதில் சொல்லலாம் என்று நீல மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். சோனிக்காரர்கள் அந்த பஸ்ஸில்தான் போகிறார்கள், இறங்கும்போது கதவைத் தட்டிவிட்டு இறங்குகிறார்கள்.

இப்போது சங்கத்துக்கு ஏழு பஸ்கள், ஏழும் இஸோகாயிடம் வாங்கியவை. எட்டாவதுக்குப் பணம் போயிருக்கிறது. கப்பல் எங்கே என்று போனில் பார்ப்பதை நிறுத்தி நாளாயிற்று. நேற்று வியாழன், காலை ஆறு மணிக்கு வளைவில் புதிதாக ஒரு ஹாரன் கேட்டது, இது ஒற்றைக் குரல். பல் துலக்கிக்கொண்டிருந்த மஷாகா வாய் நிறைய நுரையோடு கரீபு என்றார், துப்பினார், துலக்கி முடித்தார். முட்டைக்கோஸ் மூட்டை பதினான்காயிரத்துக்குப் போனது.