ராணிக்கு ஒரு நோட்டீஸ்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புளிப்பக்கா. காற்றில் பறக்கும் தூசியில் எந்த அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அவள் பிழைப்பு. மொட்டைமாடியில் நிற்கும் இயந்திரம் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி, தூசியை ஒரு வட்டத் தாளில் படியவைக்கும். அந்தத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த நீரைக் கருவிக்குள் செலுத்தினால், ஒவ்வொரு அமிலமும் திரையில் மலைபோல் எழும். ஆக்ஸாலிக், அசிட்டிக், ஃபார்மிக் என்று எல்லாமே அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. எது எவ்வளவு உயரம் என்பது அத்துபடி.

அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபார்மிக் அமிலம் திரையின் உச்சியை முட்டி நின்றபோது தூக்கிவாரிப் போட்டது. வழக்கத்தைவிட நாற்பது மடங்கு. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். மலை அசையவில்லை.

இயக்குநர் அளவுகள் அச்சான தாளை வாங்கிப் பார்த்தார். "எனக்கு அப்பவே தெரியும். எதிர்ல இருக்கிற பசை ஆலைதான்!"

"சார், இன்னும் ஒரு வாரம் பார்த்துட்டு..."

"பார்க்க என்னம்மா இருக்கு?"

மறுநாளே நோட்டீஸ் அனுப்பி ஆலையை மூடவைத்தார்கள். அடுத்த வாரம் ஃபார்மிக் இன்னும் ஏறியது.

புளிப்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏணியில் ஏறினாள். இயந்திரத்தின் மூடியைக் கழற்றினால், உள்ளே ஓர் ஊரே குடியிருந்தது! குழாயைச் சுற்றி, அடியிலிருந்த மாடி வெடிப்பிலிருந்து ஏறிவந்த கறுப்பு எறும்புகள், வெள்ளை வெள்ளையாய் முட்டைகள். மோட்டார் அதிரும்போதெல்லாம் எதிரி வந்துவிட்டான் என்று வயிற்றைத் தூக்கி அமிலத்தைப் பீய்ச்சின. காற்றோடு வந்த சுண்ணாம்புத் தூசி அதை அப்படியே குடித்துவிட்டுத் தாளில் போய் உட்கார்ந்தது.

"ஃபார்மிக்னாலே எறும்பு அமிலம்தான் சார். எனக்குத்தான் புத்தி அங்க போகல" என்று தலைகுனிந்தாள்.

இயக்குநர் மேசையைத் தட்டினார். "மாசுக்கு யார் காரணம்னு தெரிஞ்சா நோட்டீஸ் அனுப்பணும், பதினஞ்சு நாள்ல விசாரணை. விதியில எறும்புக்கு விலக்கு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? அனுப்பு."

வீட்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். உரிமையாளர்: ராணி. வேலையாட்கள்: சுமார் எட்டாயிரம். விடுமுறை நாள்: இல்லை.

தையல்காரக் கணவர் ஊசியில் நூல் கோத்தபடி எட்டிப் பார்த்தார். "எறும்புக்கா கடுதாசி எழுதற?"

"அரசாங்கக் கடுதாசிங்க. பிழையில்லாம இருக்கணும்."

"ராணிக்கு முன்னால 'திருமதி' போட வேண்டாமா?"

போட்டாள். மறுநாள் நோட்டீஸை இயந்திரத்தின்மேல் ஒட்டினாள். எறும்புகள் அதன் ஓரத்தைக் கடித்துக் கொண்டுபோயின. 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று இயக்குநர் குறிப்பெழுதினார்.

விசாரணை நாளன்று ராணியின் தரப்பில் ஒரு கண்ணாடிச் சீசாவில் முப்பது எறும்புகள் கூடத்துக்கு வந்தன. ஆலை இன்னும் பூட்டியே கிடந்ததால் பசை ஆலை மேலாளரும் வந்திருந்தார். கொதித்துப்போய் வந்த மனிதர், சீசாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று எழுந்தார்.

"இவங்களுக்காக நான் பேசறேன். செய்யாத தப்புக்கு மாட்டறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த மிஷினை எப்ப வச்சீங்க?"

"ஆறு மாசம் ஆச்சு" என்றாள் புளிப்பக்கா.

"மாடி வெடிப்புல எறும்பு எத்தனை வருஷமா இருக்கு?"

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பார்க்கறேன். பன்னிரண்டு வருஷம்."

"அப்ப யார் வீட்டுக்குள்ள யார் புகுந்தது?"

இயக்குநர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: ஆக்கிரமிப்பாளர் இயந்திரமே. மூன்று நாளில் காலிசெய்ய வேண்டும். ஆலையையும் திறக்கலாம்.

மேலாளர் சீசாவைக் கையில் வாங்கி, மாடிக்குப் போய், மூடியைத் திறந்து தானே விட்டுவிட்டு வந்தார். இயந்திரத்தைத் தட்டித் துடைத்து மாடியின் மறுகோடிக்கு நகர்த்தினார்கள். ஃபார்மிக் பழைய உயரத்துக்கு இறங்கியது. 'ஒரே மாதத்தில் அமில மாசு தொண்ணூற்றேழு சதவீதம் குறைந்தது' என்று இயக்குநர் மேலிடத்துக்கு எழுத, அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

"உனக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டார் கணவர்.

"தாள் மாத்த தினம் அம்பது அடி கூடுதலா நடக்கணும்" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.