பிரித்தவன் பங்கு

போடிமெட்டுச் சரிவில் சுருளிவேலும் ஜக்கையனும் சேர்ந்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். பாடுபடுவதும் சரிபாதி, காயும் சரிபாதி. காய்ந்த காயை ஒருவன் இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். மற்றவன் முதலில் எடுக்க வேண்டும். மிச்சம் கிடப்பதுதான் பிரித்தவன் பங்கு. இதில் கள்ளத்தனத்துக்கு வழியே இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். வழி இல்லையாமே! மனுசன் நினைத்துவிட்டால் வழிக்கா பஞ்சம்?

எமர்ஜென்சி முடிந்த வருஷம் பிரிக்கும் முறை சுருளிவேலுக்கு. தை பிறந்தால் மகள் பொன்னுமணிக்குக் கல்யாணம். சொன்ன நகையில் பாதிகூடச் சேரவில்லை. ஜக்கையன் ஜீப்பு பிடிக்கப் போன நேரத்தில், ஒரு குவியலுக்கு அடியில் சொத்தையையும் வெடித்ததையும் போட்டு, மேலே தடித்த பச்சைக் காயைப் பரப்பினான். மற்றதில் நல்ல காய் அடியில், நோஞ்சான் காய் மேலே. பளபளப்பைப் பார்த்தால் எவன் கைதான் நீளாது?

ஜக்கையன் வந்தான். மங்கிக் கிடந்த குவியலின் முன்னால் சாக்கை விரித்தான்.

"மச்சான், அத ஏன் எடுக்குறீக? இதுல்ல நல்லாருக்கு!" சுருளிவேல் பதறினான்.

"அதுக்குத்தான் மாப்ளே. புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்க. நல்லத நீ எடுத்துக்க."

சுருளிவேலுக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, வயிற்றெரிச்சல். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று நின்றான்.

இரண்டு கை அள்ளியதும் அடியிலிருந்து பச்சைக் காய் சரிந்தது. ஜக்கையன் சிரித்தான்.

"அட, நல்ல காயி இங்கல்ல கெடக்கு! புள்ள பங்கு எங்கிட்ட வந்திருச்சே. இரு, ரெண்டையும் கலந்துருவோம்."

"வேணாம் மச்சான், கெடக்கட்டும்..."

அதற்குள் ஜக்கையனின் கை அந்தப் பளபளத்த குவியலுக்குள் போய்விட்டது. வெளியே வந்தபோது கை நிறையச் சொத்தை.

சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்ததைப் பார்த்தான், சுருளிவேலைப் பார்த்தான். ஒரு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுருளிவேலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

 ஜக்கையன் இரண்டையும் ஒன்றாகத் தள்ளி, நன்றாகப் புரட்டி, மறுபடி இரண்டு குவியலாக்கினான். கையைத் தட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

"இனி எப்பவும் நானே பிரிச்சிர்றேன், மாப்ளே. நீ மொதல்ல எடு."