காயாத இருபத்து நாலு துணிகள்

மகள் பிறந்த ஐம்பத்தெட்டாம் நாள், காலை பத்து நாற்பதுக்கு, இரும்புக் கடையில் தராசுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்த எடை அளவு ஆய்வாளரின் காற்சட்டையில், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வீட்டுத் தொட்டிலில் படுத்திருந்த அவருடைய மகள் சிறுநீர் கழித்தாள். குழந்தையின் இடுப்பில் இருந்த டயப்பர் ஒரு பொட்டுக்கூட நனையவில்லை. கடைக்காரர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கூரை ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் முத்திரையை வைத்து முடித்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, தேதியையும் எழுதி, "வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஃபைலை இடுப்புக்கு முன்னால் பிடித்தபடி வெளியே நடந்தார்.

இது துணியா டயப்பரா என்ற சண்டையில் ஆரம்பித்தது. மனைவிக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது தொடங்கி ஒன்பதாம் மாதம் வரை தினமும் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டை. ஆய்வாளர் துணிக் கட்சி. ஒரு குழந்தை இரண்டரை வருஷத்தில் ஐந்தாயிரம் டயப்பர் போடும், நனைந்த டயப்பர் ஒன்று சராசரியாக நூற்றெண்பது கிராம், ஆகத் தொள்ளாயிரம் கிலோ, இந்தத் தொள்ளாயிரம் கிலோவை ஊருக்கு வெளியே யார் தலையில் கொட்டுவது என்று கேட்டார். மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவள். எதிராளியின் வாக்கியத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடாமலே கண்டுபிடிப்பவள். "கிலோக் கணக்கு உங்களுக்கு, துவைக்கிற வேலை எனக்கா?" என்றாள். தானே துவைப்பதாக அவர் சொன்னார். "சொல்லுவீங்க. முதல் வாரமே முதுகு வலின்னு குப்புறப் படுப்பீங்க." ஆனாலும் அவர் இரண்டு பழைய படுக்கை விரிப்புகளை அறுபது சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டியபோது, திட்டிக்கொண்டே தையல் மெஷினில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஓரம் அடித்துக் கொடுத்தாள். மொத்தம் இருபத்து நாலு துணிகள். அவர் ஒவ்வொன்றையும் நிறுத்தார். நாற்பத்திரண்டு கிராமுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கை சும்மா இருக்காமல் மூலையில் எண் போட்டு, அலுவலக ரப்பர் ஸ்டாம்பை எடுத்து 'சரிபார்க்கப்பட்டது' என்று குத்தினார். "இது பிள்ளைக்குக் கட்டுறதா, கடைக்கு அனுப்புறதா?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பெரிய கட்டு டயப்பர் வாங்கி வந்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். "எம் பிள்ளைக்கு நான் டயப்பர்தான் போடுவேன். துணி மேல அவ்வளவு ஆசைன்னா நீங்களே கட்டிக்கிட்டு ஆபீஸ் போங்க." அவர் "பார்ப்போம்" என்றார். அவளும் "பார்ப்போம்" என்றாள். தீர்ப்பு ஆகாமலே பெண் பிறந்தாள். எட்டாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டாம் நாள் செத்துப்போனாள்.

ஆய்வாளர் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைக் கவனித்தார்கள், அவரும் கவனித்தார். யாரோ அவர் தோளை உலுக்கி, அழுதுவிடு, அழுதுவிடு என்று சொல்லிப் பார்த்து, கை வலித்து விட்டுவிட்டார். எல்லாரும் போன பிறகு அவர் குழந்தைக்கு ஒன்றாம் எண் துணியைக் கட்டினார். அது நனைந்ததும் சோப்புப் போட்டுத் துவைத்துப் பின்கட்டுக் கொடியில் போட்டார். அது காயவில்லை. இரண்டாம் எண்ணும் காயவில்லை. நல்ல வெயில் காலம். அதே கொடியில் அவர் சட்டை அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும், பக்கத்தில் தொங்கும் துணி சொட்டிக்கொண்டே இருக்கும். நாலே நாளில் இருபத்து நாலு துணிகளும் கொடிக்குப் போய்விட்டன. ஈரத்தோடு நிறுத்தால் ஒவ்வொன்றும் நூற்றுப் பதினெட்டு கிராம். ஒரு வாரம் கழித்து நிறுத்தாலும் அதே நூற்றுப் பதினெட்டு. கொடி பாரம் தாங்காமல் இரண்டு முறை அறுந்தது. மேல் தட்டு டயப்பரைத் தொட மனமில்லாமல் ஈரத் துணியையே பிழிந்து பிழிந்து கட்டினார். குழந்தையின் தொடையிடுக்கு தக்காளித் தோல் மாதிரி சிவந்தது.

அப்போதுதான் மனைவியின் அக்கா வந்து சேர்ந்தார். ஒரு பகல் முழுக்க ரயிலில் வர வேண்டிய தூரத்தில், பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளர் அவர். நாளொன்றுக்கு அறுநூறு விரிப்பு பார்க்கிறவர். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கொடிக்குப் போய் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தார். "என்ன தம்பி, பிழியாமலே போட்டிருக்கீங்க?" என்று முறுக்கிப் பிழிந்தார். உதறினார். மின்விசிறிக்கு நேரே பிடித்தார். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி ஏழாம் எண் துணியின் மேல் இரண்டரை மணி நேரம் தேய்த்தார். அறை முழுக்க ஆவி, சுவரில் இருந்த நாள்காட்டி சுருண்டு கீழே விழுந்தது, துணி மட்டும் நூற்றுப் பதினெட்டு கிராம். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "என் கையில காயாத துணி இதுவரைக்கும் பொறந்ததில்ல தம்பி" என்றார். பிறகு குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, சிவந்த இடத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு மூணும் பையன். இவளை நான் கொண்டுபோய் வளர்க்கிறேன். உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா இந்த வீட்டுல பிள்ளை காயாது." எழுபதாம் நாள் மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். ஒன்று கைக்குழந்தைக்கு, கைக்குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை என்று தெரிந்தும் எடுத்திருந்தார். அதற்குள் புண் ஆறி, இந்த வீடு ஒரு நிலைக்கு வந்தால் யோசிக்கலாம் என்றும் சொன்னார். ஆய்வாளர் சரி என்றார். அந்தச் சரிக்குப் பிறகு வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் குழந்தையை அவர் தொட்டிலில் விடவில்லை. தூங்கும்போதும் தோளிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். குழந்தையின் எடை நாலு கிலோ நூறு கிராம் என்று அவர் தோளுக்குத் தராசில்லாமலே தெரிந்தது.

ஐம்பத்தேழாம் நாள் இரவு அவர் மேல் தட்டில் இருந்த டயப்பர்க் கட்டைக் கீழே இறக்கினார். "அவ சொன்னதே நடக்கட்டும்" என்றார். மறுநாள்தான் இரும்புக் கடையில் அது நடந்தது. வீட்டுக்கு வந்து நேரத்தைச் சொன்னார். மனைவியின் அக்கா குழந்தையின் டயப்பரைக் கழற்றி நீட்டினார். காலையில் முப்பத்தொரு கிராம், இப்போதும் முப்பத்தொரு கிராம். அடுத்த நாள் இருவரும் ஆளுக்கொரு தாளில் நேரம் குறித்தார்கள். தொட்டிலில் குழந்தை நெளிந்து முகம் சிவந்த நேரங்கள் ஒரு தாளில், ஊருக்குள் ஆய்வாளர் நனைந்த நேரங்கள் மறு தாளில். பத்து நாற்பது, பன்னிரண்டேகால், மூன்று ஐந்து. ஒரு நிமிஷம் பிசகவில்லை. மற்றது மட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் போல டயப்பரிலேயே தங்கிவிட்டது. அந்த அளவுக்கு அவருக்குக் கருணை காட்டப்பட்டது. குழந்தையின் புண் மூன்றே நாளில் ஆறியது. தோல் பட்டாகிவிட்டது. ஆனால் ஆய்வாளர் நாளைக்கு நாலு காற்சட்டை மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் அவர் வருவதைப் பார்த்ததும் அரிசி மூட்டைகளை உள்ளே தள்ளி வைத்தார்கள். மாவட்டக் கூட்டத்தில் தலைமை அதிகாரி போலி எடைக்கற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று ஐந்து ஆயிற்று. எல்லார் காலடியிலும் ஓடி வந்த ஈரக் கோட்டைப் பார்த்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உடம்பு சரியில்லையா?" "என் உடம்பு இல்ல சார்." மறுநாள் கடிதம் வந்தது: இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையிலிருந்து விலக்கப்படுவார். அது அறுபத்தெட்டாம் நாள்.

மனைவியின் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டுக் குழந்தையின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். சந்தோஷமாக அடுக்கவில்லை என்பதை ஆய்வாளர் பார்த்தார். அக்கா ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தார். எழுபதாம் நாள் காலை, ஆய்வாளர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கதவருகில் வந்து நின்றார். "துணியும் சரிப்படல, டயப்பரும் சரிப்படல. எனக்கு ஒண்ணு புரியல தம்பி. டயப்பர்தான் போடணும்னு அவ ஒத்தக் கால்ல நின்னாளே. போட்டாச்சு. அப்புறமும் அவளுக்கு என்ன கோபம்?"

ஆய்வாளர் கன்னத்தில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். "அவ சொன்னதுல பாதியைத்தான் செஞ்சேன், அண்ணி."

"மீதி என்ன?"

ஆய்வாளர் நுரையைத் துடைத்தார். பின்கட்டுக்குப் போய்க் கொடியிலிருந்து இருபத்து இரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நாலு ஆகிய மூன்று துணிகளை உருவினார். ஒன்று போதாது, அறுபது சென்டிமீட்டர் சதுரம் வளர்ந்த ஆளின் இடுப்பைச் சுற்றி வராது. மூன்றையும் ஊக்கால் இணைத்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் காற்சட்டையைப் போட்டார். ஐம்பது நாள் ஈரம் எலும்புக்குள் இறங்கியது. வாத்து மாதிரி காலை அகட்டி நடந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு இருநூறு அடி தூரம். அங்கே போய்ச் சேர்வதற்குள் மூன்று துணிகளும் காய்ந்திருந்தன.

பத்து நாற்பதுக்கு அதே இரும்புக் கடையில் இருந்தார். கடைக்காரர் ஆணிப் பெட்டிகளை மேலே தூக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தையும் ஆய்வாளரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நாற்பத்தொன்று ஆயிற்று. தரை காய்ந்தே இருந்தது. "என்ன சார், இன்னிக்கு லீவா?" என்றார் கடைக்காரர். "இல்ல, வந்தாச்சு" என்றார் ஆய்வாளர். மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து துணிகளை அவிழ்த்துத் துவைத்துக் கொடியில் போட்டார். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மனைவியின் அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஆய்வாளர் மூன்றாவது துணிக்குக் கிளிப் மாட்டும்போது முதல் துணி காற்றில் படபடத்தது. அக்கா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தங்கை அடித்த ஓரத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"அப்ப அவதான் ஜெயிச்சா" என்றார்.

"துணி காஞ்சிடுச்சே. நான்தான்."

"ரெண்டு பேருக்கும் வாய் மட்டும் குறையல" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து குழந்தையின் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மாலை ரயிலில் இரண்டு டிக்கெட்டோடு தனியாகப் போனார். பக்கத்து இருக்கையில் வழி நெடுக யாரையும் உட்கார விடவில்லை என்று பிறகு கடிதம் எழுதினார்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. பகலில் குழந்தை தெருமுனைக் காப்பகத்தில் டயப்பரோடு இருந்தது. ஆய்வாளர் ஊருக்குள் துணியோடு இருந்தார். இருபத்து நாலையும் மும்மூன்றாக முறை வைத்துக் கட்டினார். காப்பகத்துப் பெண், உலகத்திலேயே நனையாத டயப்பர் இதுதான் என்று மற்றத் தாய்மார்களிடம் சொல்லி, அவர்களும் அதே டயப்பரை வாங்கி ஏமாந்தார்கள். கடைக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். பேச்சின் நடுவில் ஆய்வாளர் ஒரு நிமிஷம் நிறுத்திச் சுவரைப் பார்த்தால், அவர்களும் நிறுத்திச் சுவரைப் பார்ப்பார்கள். தலைமை அதிகாரி அவருடைய நடையை மட்டும் ஒருமுறை விசாரித்தார். முழங்கால் வலி என்று ஆய்வாளர் சொன்னார். இரண்டு வயது மூன்று மாதத்தில் மகள் தானே ஓடிப்போய்க் குளியலறையில் உட்கார்ந்தாள். அன்றோடு ஆய்வாளருக்கும் நின்றது. துணிகளைத் துவைத்து மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். நிறுத்துப் பார்த்தார், தேய்ந்து முப்பத்தாறு கிராமாக இருந்தன.

மகளுக்கு அழ வரவில்லை. விழுந்தால் முழங்காலைக் குனிந்து வேடிக்கை பார்ப்பாள், அவ்வளவுதான். அப்பனைக் கொண்டிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நாலாவது வயதில் பள்ளியில் சேர்த்தார். இரண்டாம் வாரம், பதினொன்று பத்துக்கு, இரும்புக் கடையில் தராசுத் தட்டின்மேல் குனிந்திருந்த ஆய்வாளரின் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. தட்டில் சொட்டி முள் ஒரு கோடு நகர்ந்தது.

"என்ன சார், கண்ணுல துரு விழுந்துடுச்சா?"

"இல்ல. பொண்ணு விழுந்துட்டா."

கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தட்டைத் துடைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆய்வாளர் உட்கார்ந்தார். சட்டைக் கை நனைந்தது, கைக்குட்டை நனைந்தது, கடைக்காரர் கொடுத்த சாக்குத் துண்டும் நனைந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் நின்றது. மாலையில் பள்ளிக்குப் போனபோது ஆசிரியை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஊஞ்சலிலிருந்து விழுந்தாளாம், பதினொன்று பத்துக்கு. முழங்காலில் சின்னச் சிராய்ப்பு. ஐந்தே நிமிஷத்தில் எழுந்து மறுபடி ஊஞ்சலுக்கு ஓடிவிட்டாளாம்.

ஆய்வாளர் அந்த நேரங்களைத் தாளில் குறித்தார். பதினொன்று பத்திலிருந்து பதினொன்றேகால் வரை, எதிரே மகள் பெயர். அதற்குக் கீழே, பதினொன்றேகாலிலிருந்து பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் வரை என்று எழுதி, எதிரே யார் பெயரையும் எழுதாமல் தாளை மடித்து வைத்தார். வீட்டுக்கு வந்து மேல் தட்டிலிருந்து துணிகளை இறக்கினார். மறுநாளிலிருந்து முத்திரை, மை, சான்றிதழ்ப் புத்தகம் ஆகியவற்றோடு பையில் இரண்டு துணி கொண்டுபோனார்.